சேவலுக்கு நடை கற்பித்தவன்

சும்மா நிற்கத் தெரியாதவன் வாத்தியார் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் பேனர் கடையை மூடியதிலிருந்து வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். (தரை தேயுது என்றாள் மனைவி.) அப்போதுதான் திண்டுக்கல்லில் கிராஃபிக் டிசைன் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில், படத்தை அசைய வைக்கும் மோஷன் டிசைனுக்கு ஆள் கேட்டார்கள். ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

பன்னிரண்டு மாணவர்கள். கடைசி பெஞ்சில் நிலையத்தை நடத்தும் ரஹீம் சார், கையில் நோட்டோடு. ஒரு பந்து துள்ளுவதைச் செய்து, வீடியோவாக மாற்றக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது.

ஐந்து நிமிடம். திரை அசையவில்லை. எனக்குக் கால் பரபரத்தது. நானே நடந்து காட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

முதலில் ஒரே வேகத்தில் நடந்து டக்கென்று நின்றேன். இது உயிரில்லாத அசைவு. பிறகு மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, மெதுவாக நின்றேன். இது உயிருள்ளது. ரஹீம் சார் ஏதோ குறித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதையும் காட்டும் ஆசை வந்தது. கழுத்தை முன்னே நீட்டி, இடுப்பைப் பின்னே தள்ளி, கடைசி பெஞ்சை நோக்கிப் பாய்ந்தேன். தாண்டினேன். திரும்பி வரத்தான் முடியவில்லை. புரொஜக்டர் வயர் தட்டி, ரஹீம் சார் மடியில் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க தம்பி," என்றார் நிதானமாக. "புரிஞ்சிருச்சு."

வேலை கிடைத்தது. (வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.)

அன்று வகுப்பே சிரித்தபோது, சின்னாளப்பட்டி செல்வி மட்டும் சிரிக்காமல் என் நடையைப் போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, செம்பட்டியில் ஒரு கறிக்கோழிக் கடைக்கு எல்இடி திரை விளம்பரம். அதில் ஒரு சேவல் கழுத்தை நீட்டிப் பாய்ந்து, தாண்டி, தடுக்கி விழும். ஏம்மா இப்படி என்று கேட்டேன்.

"உங்க நடையிலதான் சார் உயிர் இருந்துச்சு," என்றாள்.

செம்பட்டிதான் என் மாமனார் ஊர். ஒரு நாள் அந்தத் திரைக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்ற என் மனைவி, சேவல் அவர் மாதிரியே நடக்குதுல்ல என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, மாதிரி என்ன, அவரேதான் என்றாராம்.

இன்றும் விருந்துக்குப் போனால், கோழிக் குழம்புக் கரண்டியோடு என் இலை முன்னால் மட்டும் மாமியார் தயங்கி நிற்பார்.

"உங்களுக்கு ஊத்தலாமா மாப்பிள்ளை?"