கடைசிக் கதவுக்கு அந்தப்பக்கம்

நாற்பதடி நீளப் பேருந்தை இருபத்தாறு வருஷமாக, எந்த நெரிசலிலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் அவர். டிவியில் நிற்கிற நீலச்சட்டை வீரனை மட்டும் நாலடி தள்ளியிருந்த கதவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. வீரன் சுவரில் முட்டினான். திருப்பினார். எதிர்ச்சுவரில் முட்டினான்.

"இதுல பிரேக் எங்கய்யா இருக்கு?" என்று கண்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அது அவர் மனைவி விளையாடிய வீடியோ கேம். அவள் போய் மூன்று மாதம் ஆகிறது.

தினமும் டியூட்டி முடிந்து வந்து, காலை ஸ்டூல்மேல் நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். நாளெல்லாம் ரோட்டையே பார்த்த கண்ணுக்கு டிவி வேறு ஒரு கேடா? அவள் விளையாடிக்கொண்டே கதை சொல்வாள். வீரனின் மனைவி காணாமல் போய்விட்டாள். அவள் விட்டுப்போன சீப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவள் இருக்கலாம்.

"இருக்காளா, இல்லையா? சொல்லித் தொலையேன்!"

"மீதி நாளைக்கு," என்று சிரித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அப்புறம் வீட்டுக்கு வரவேயில்லை.

முடிவு தெரியாமல் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். வேறு எதற்காக இந்த வயதில் இந்தக் கண்றாவி?

வேறு வழியில்லாமல் மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். எதையாவது மேலே ஏற்றிவிட்டால் போதும் அவனுக்கு.

"அந்தக் கதவை மட்டும் திறந்து விடுப்பா. கதை எப்படி முடியுதுன்னு தெரியணும்."

"கதையை யாரு மாமா பாக்கறா? அடிக்கணும், லெவல் ஏத்தணும், போய்க்கிட்டே இருக்கணும். அதான் கேம்."

"உங்க அக்கா கதைக்காகத்தான் விளையாடினா."

"அக்காவா?" ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சரி, இந்தக் கத்தி பத்தாது. பையில கிடக்கிற குப்பையெல்லாம் குடுத்துட்டு நல்ல கத்தியா எடுத்துக்கறேன். பழைய விளக்கு, போ. கிழிஞ்ச செருப்பு, போ. சீப்பு, போ."

"அடப்பாவி! அது அவன் பொண்டாட்டி சீப்புடா!"

"எந்தப் பொண்டாட்டி?"

கதை கேட்காதவனிடம் என்ன பேசுவது? கண்ட்ரோலரைப் பிடுங்கினார். சீப்பைத் திரும்ப வாங்குகிற அவசரத்தில் கைக்குச் சிக்கிய பொத்தானையெல்லாம் அமுக்கினார். திரை ஏதோ கேட்டது. ஆமாம் என்று அமுக்கினார். நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது.

"ஆமாய்யா, ஆமா!"

திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது, அங்கே ஓர் அரைக்கால் சட்டைக்காரன் கையில் குச்சியோடு நின்றான்.

"மாமா..." மச்சினன் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "அக்கா விளையாடினது மொத்தமும் அழிஞ்சிடுச்சு. இது முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

இரண்டு பேரும் குச்சிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓட்டுநர் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனுஷன், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் மச்சினன் அவருக்கு ஃபேனைப் போட்டுவிட்டான்.

மறுநாள் டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, கேம் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அவள் வாங்கிய கடைக்கே போனார்.

"சரிபண்ண வேண்டாம்மா. முடிவை மட்டும் சொல்லுங்க. சீப்பு வச்சிருக்கானே, அவனுக்குப் பொண்டாட்டி கிடைச்சாளா?"

கடைக்காரி பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதுல பொண்டாட்டியே கிடையாதே சார். கதவைத் தொறந்தா ஒரு பூதம் வரும். அடிச்சா முடிஞ்சுது."

"அப்ப மாத்திக் குடுத்திருக்கீங்க! எங்க வீட்டம்மா தினம் கதை சொன்னாளே!"

"ஓ, அவங்க வீட்டுக்காரரா நீங்க?" கடைக்காரியின் முகம் மாறியது. "நல்ல கதையுள்ள கேமா மூணு குடுத்தேன் சார், மூணையும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. 'இதெல்லாம் தானே கதை சொல்லிடுது, கதையே இல்லாததா ஒண்ணு குடுங்க. வீட்ல ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பார், அவருக்கு நான்தான் சொல்லணும்'னாங்க."