வேலாண்டி விட்டுவைத்த இரண்டு சிக்கு

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. இருந்ததை அந்தக் காடு பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம். அதன் பெயர் வேலாண்டி. கல்யாணப் பந்தியில் அதற்கு இரண்டு பக்கமும் இலை காலியாகவே கிடக்கும். கூட்டம் என்றால், "அண்ணே, நீங்க அப்படி ஓரமா நில்லுங்க, கொழந்தைங்க இருக்கு" என்பார்கள். முதுகில் முள் முளைத்தது ஏதோ அதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டது மாதிரி. இத்தனைக்கும் தலையில் இரண்டு கொம்பை வைத்திருந்த காட்டெருமையைத் தலைவராக்கி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். குத்துகிற சாமான் தலையில் இருந்தால் மரியாதை, முதுகில் இருந்தால் ஓரம். அந்தக் காட்டின் நியாயம் அவ்வளவுதான்.

ஒருநாள் காட்டோரச் சாலையில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனது. பெட்டிக்குள் ஒரு கேரட்டும் ஒரு முயலும் இருந்தன. முயல் என்று சொன்ன பிறகுதான் அது முயல் என்று தெரியும். உடம்பு முழுக்க ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை முடி. எந்தப் பக்கம் தின்னும், எந்தப் பக்கம் போடும் என்று நகர்ந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

"என் பேரு பிரின்ஸ்," என்றது முயல். "அம்மா போனை வீட்டுல மறந்துட்டாங்க. எடுத்துட்டு இப்ப வந்துடுவாங்க."

அம்மா வரவில்லை. ஏன் வரவில்லை என்பது காட்டுக்கு இரண்டே நாளில் விளங்கிவிட்டது. பிரின்ஸ் வயசுக்கு வந்த ஆண் முயல். பார்க்கிற இடத்தில் எல்லாம் மூத்திரத்தைப் பீய்ச்சி, இது என் இடம் என்று எழுதி வைத்தது. தலைவர் உட்காரும் பாறை, கீரிப்பிள்ளை மங்களத்தின் வாசல், குடிதண்ணீர் ஊற்றுக்குப் போகிற படி, எதையும் விடவில்லை. நின்றுகொண்டிருந்த எதன்மேலும் ஏறியது. மழைவேண்டிக் கூடிய கூட்டத்தில், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தலைவரின் பின்னங்காலைக் கட்டிக்கொண்டு ஆடியது. தலைவர் முதலில் பக்தி என்று நினைத்துவிட்டார்.

அந்த வாரம் நல்ல குளிர். பிரின்ஸ் ஒவ்வொரு பொந்தாகப் போய்த் துரத்தப்பட்டு, கடைசியில் வேலாண்டியின் வளைக்குள் நுழைந்தது. கேட்கவில்லை, கொள்ளவில்லை, பின்பக்கமாக வந்து வேலாண்டியின் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டது. வேலாண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. செத்தது முயல் என்றே நினைத்தது. ஆனால் முயல் கொட்டாவி விட்டது. அந்த முடி அவ்வளவு அடர்த்தி. முள் உள்ளே இறங்கி, பாதியிலேயே சோர்ந்து நின்றுவிட்டது.

தாயை விட்டுப் பிரிந்த நாளிலிருந்து வேலாண்டியின் பக்கத்தில் யாரும் படுத்தது கிடையாது. அது திரும்பிப் படுக்காமல், கால் மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே கிடந்தது.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிப் படுங்க," என்றது பிரின்ஸ், தூக்கத்தில்.

"என் வளைடா இது," என்றது வேலாண்டி. தள்ளிப் படுத்தது.

பிறகு காட்டில் கூட்டம் போட்டார்கள். எட்டு நாளைக்குள் முயலுக்குக் காயடித்து, முடியையும் ஒழுங்குபண்ண வேண்டும்; இல்லையென்றால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் குள்ளநரி இருந்தது. தீர்மானம் காதில் விழுந்த அன்றே அது இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்துவிட்டது.

"யாரு பொறுப்பு எடுத்துக்கிறீங்க?" என்றார் தலைவர்.

எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ தெரிந்தது. வேலாண்டி ஓரத்திலிருந்து, "நான்" என்றது. அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்படவில்லை. இடத்தைக் காலிபண்ணத்தான் அவசரப்பட்டார்கள்.

பொறுப்பு எடுக்காத மங்களத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. "எல்லாம் உடம்புச் சூடு. அதான் இந்த ஆட்டம் போடுது. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினா தானா அடங்கிடும்" என்று ஊரெல்லாம் சொன்னது. வேலாண்டி கிழங்கு தோண்டப் போன நேரத்தில் பிரின்ஸை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போய், உச்சியிலிருந்து விளக்கெண்ணெயை ஊற்றி, சீயக்காய் வைத்துத் தேய்த்து, மூன்று முக்கு முக்கி எடுத்தது. அந்தக் காட்டில் புலிக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், எலிக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். முயலைத் தண்ணீரில் போடக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் சனிக்கிழமையை யார் மாற்றுவது?

வேலாண்டி திரும்பி வந்தபோது வளை வாசலில் ஒரு கால்மிதி நடுங்கிக்கொண்டிருந்தது. முடியெல்லாம் எண்ணெயும் பிசுக்குமாகத் திரண்டு, கம்பளி மாதிரி உடம்போடு இறுகிவிட்டது. பின்னங்காலை விரிக்க முடியவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்றது மங்களம். நல்லது செய்கிறவர்கள் அதை எப்போதும் அடுத்தவர் வீட்டில்தான் செய்வார்கள்.

வேலாண்டி முதல் காரியமாக முயலைச் சருகில் புரட்டிக் காயவைத்தது. பிறகு தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. ஆனாலும் தோல் இழுபடாமல் இருக்க முடியை வேர்ப்பக்கம் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. மூன்று நாள் உட்கார்ந்தும் இரண்டு காதும் நெஞ்சும்தான் தேறின. மீதிக்கு அடியில் தோல் சிவந்து புண்ணாகிக்கொண்டிருந்தது.

"அம்மா டிரையர் வெச்சு சீவுவாங்க. போட்டோ எடுத்துப் போடுவாங்க. ஐந்நூறு பேர் லைக் போடுவாங்க," என்றது பிரின்ஸ்.

"அந்த ஐந்நூறு பேரையும் வரச்சொல்லு. ஆளுக்கு ஒரு சிக்கு எடுக்கட்டும்," என்றது வேலாண்டி.

ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு நாரை. அவரைப் பார்க்குமுன் குரங்குக் கம்பவுண்டரைப் பார்க்க வேண்டும். கம்பவுண்டரைப் பார்க்குமுன் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கொடுப்பதும் அதே குரங்குதான், ஆனால் வேறு ஜன்னல். வாசலில் ஒரு பலகை: ‘ஆபரேஷனுக்கு வருவோர் வெறும் வயிற்றுடன் வரவும்.’ வேலாண்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். முந்தின நாள் டோக்கன் வாங்க வந்தபோது அதைக் கூட்டிப் படித்து வைத்திருந்ததால், காலையிலிருந்து பிரின்ஸுக்கு ஒரு புல்லும் கொடுக்கவில்லை.

"நோயாளிக்கு நீ என்ன உறவு?" என்றது குரங்கு, படிவத்தைத் திருப்பி.

"பக்கத்துல தூங்குறவன்."

"அப்படி ஒரு கட்டம் கிடையாது. அப்பா, அண்ணன், சித்தப்பா, தின்பவர். இதுல ஒண்ணச் சொல்லு பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது."

வேலாண்டி யோசித்து, "சித்தப்பான்னு போடு" என்றது.

நாரை டாக்டர் அலகால் முடியை விலக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "காலையில என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணும் குடுக்கலீங்க. பலகையில போட்டிருந்துச்சு."

"அது புலிக்கு எழுதினதய்யா. முயலுக்கு வயிறு காலியானா குடல் நின்னுபோகும். முயல் வாந்தி எடுக்காது, பட்டினியே வேண்டாம்." டாக்டர் குரங்கைப் பார்த்தார்.

"ஒரு பலகைதான் சார் சாங்ஷன் ஆச்சு," என்றது குரங்கு.

பிரின்ஸுக்குக் கொஞ்சம் புல் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, டாக்டர் வேலாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார். "இவன் நக்கி நக்கி முடிய முழுங்குறான். வயித்துல அடைச்சா செத்தான். உடம்பு முடியை மொத்தமா வழிச்சிடணும். ரெண்டு தடவை மயக்கம் கொடுக்க வேண்டாம், ஆபரேஷனையும் சேர்த்து இன்னைக்கே முடிச்சிடறேன். கையெழுத்துப் போடு."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

தள்ளி இருந்தாலும் நீளக் காதுக்கு எல்லாம் கேட்கிறது. "முடிய வெட்டாதீங்க," என்றது பிரின்ஸ். "அம்மா வந்தா அடையாளம் தெரியாது."

வேலாண்டி படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. முடி போய்விட்டால் தன் முதுகோடு ஒட்டிப் படுக்க இந்தக் காட்டில் ஒரு ஜீவன் கிடையாது. முயல் வேண்டாம் என்கிறது, தனக்கும் வேண்டாம். பேசாமல் திரும்பிப் போய்விடலாம். நான்கு நாளைக்கு ஒட்டிக்கொண்டு தூங்கலாம், ஐந்தாம் நாள் புதைக்கலாம்.

"டேய்," என்றது வேலாண்டி. "போனை எடுத்துட்டு வரப் போறவங்க யாராவது பெட்டிக்குள்ள கேரட் வெச்சுட்டுப் போவாங்களாடா?"

பிரின்ஸ் இரண்டு காதையும் கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டது. வேலாண்டி கைநாட்டு வைத்தது.

நடுப்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. வெளியே கொண்டுவந்தபோது பிரின்ஸ் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. "பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது தின்னு புழுக்கை போடணும்," என்றார் டாக்டர். "போட்டா பொழச்சான்."

ஆபரேஷன் என்றால் அந்தக் காட்டில் நலம் விசாரிக்க வருவது வழக்கம். இத்தனை நாளாக முயலைக் கண்டாலே ஓடியவர்கள், ரொட்டியும் பிஸ்கட்டும் வாழைப்பழச் சீப்புமாக வந்து வளை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எங்க ஒண்ணுவிட்ட மாமாவுக்கும் இதே ஆபரேஷன்தான்," என்றது ஒரு காட்டுப்பூனை. "வந்தவங்ககிட்ட நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பதினாறாம் நாளுக்கு நான்தான் போயிட்டு வந்தேன்."

"பச்சத் தழையப் போய் வாயில திணிக்குதே இந்த வேலாண்டி அண்ணன்," என்றது மங்களம். "சீக்கு ஒடம்புக்கு ரொட்டிதான்." அது ஒரு துண்டைப் பாலில் நனைத்துக்கொண்டு முயலின் வாயருகே போனது.

வேலாண்டி அதுவரை தன் முள்ளை யார்முன்னும் விறைத்துக் காட்டியதில்லை. அன்றைக்கு விறைத்தது. வளை முழுக்கச் சலசலவென்று ஒரு சத்தம். ரொட்டி ஒருபக்கம், மங்களம் ஒருபக்கம், பூனை எங்கே என்றே தெரியவில்லை.

"பாத்தீங்களா," என்றது மங்களம் வெளியே நின்று. "நல்லது சொல்ல வந்தா முள்ளைக் காட்டுது."

உள்ளே வேலாண்டி இளம்புல்லைக் கசக்கி முயலின் உதட்டில் வைத்தது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு முறை வைத்தது. திருப்பிக்கொண்டது. வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது.

"யாருக்காக நான் பொழைக்கணும்?" என்றது பிரின்ஸ்.

வேலாண்டிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாழ்நாளில் யாரும் அதனிடம் சொன்னதில்லை. தெரிந்தது வன்மம் ஒன்றுதான். "அஞ்சு நாளா நரி எலையப் போட்டு உக்காந்திருக்குடா. அவனை ஏமாத்துறதுக்காகவாவது தின்னு."

பிரின்ஸ் ஒரு புல்லைத் தின்றது. பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், மிளகு அளவில் ஒரு புழுக்கை விழுந்தது. வேலாண்டி அதைக் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு புழுக்கையை அவ்வளவு மரியாதையோடு அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

தின்ற களைப்பில் பிரின்ஸ் பழக்கதோஷமாகப் பின்பக்கமாக நகர்ந்து வந்தது. வேலாண்டி, "வேண்டாம்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முள் தைத்துவிட்டது. முயல் போட்ட சத்தத்தில் மங்களம் உள்ளே ஓடிவந்தது. "ஐயோ பாவம், பச்ச ஒடம்ப இப்படிக் குத்தி வெச்சிருக்கே இந்தப் படுபாவி. நீ எங்க வீட்டுக்கு வா கண்ணு." கூட்டிக்கொண்டு போயிற்று. வேலாண்டி தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

ஆறு வாரத்தில் பிரின்ஸின் ஆட்டம் அடங்கியது, பீய்ச்சுவதும் நின்றது. எட்டு நாள் கெடுவைப் பற்றி யாருமே பேசவில்லை. தீர்மானத்தை ரத்து செய்தார்கள். நரி இலையைச் சுருட்டிக்கொண்டு போனது. நான்கு மாதத்தில் முடியும் பழையபடி வளர்ந்து வெள்ளைவெளேர் என்று ஆயிற்று. ஆதரவற்ற முயலைக் காப்பாற்றி ஆளாக்கியதற்காக மங்களத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். "அந்த எண்ணெய்க் குளியல்தான் லேட்டா வேலை செஞ்சிருக்கு" என்று தலைவர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"வேலாண்டி அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. போட்டோவுல முள் விழுது," என்றது குரங்கு.

மங்களம் முயலை வாசலில் நிறுத்தி வருகிறவர்களுக்குக் காட்டியதே தவிர, ஒருநாளும் சீவிவிடவில்லை. முடி மறுபடி சடைபிடித்தது. ஒரு சனிக்கிழமை காலை மங்களம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்ததைப் பார்த்தவுடன், பிரின்ஸ் எடுத்த ஓட்டம் வேலாண்டியின் வளையில் வந்துதான் நின்றது.

"சித்தப்பா," என்றது.

"யாரது?" என்றது வேலாண்டி. யாரென்று தெரியும்.

"படிவத்துல அப்படித்தானே போட்டீங்க."

வேலாண்டி உதிர்ந்த முள்ளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. மத்தியானம் வரைக்கும் சீவியது. பாதியில் பிரின்ஸ் தூங்கிப்போய், மெல்லச் சரிந்து, பின்பக்கமாக அதன்மேல் சாய்ந்தது. முள் தைக்கவில்லை. முடி வளர்ந்திருந்தது.

எல்லாச் சிக்கும் போய்விட்டது. இடது காதுக்குப் பின்னால் ஒன்றும், தாடைக்கடியில் ஒன்றும்தான் பாக்கி. வேலாண்டி முள்ளை அங்கே கொண்டுபோனது. போன முறை எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்ததில் என்ன கிடைத்தது என்று யோசித்தது. முள்ளைக் கீழே வைத்தது.

"முடிஞ்சுதா சித்தப்பா?" என்றது பிரின்ஸ், கண் திறக்காமல்.

"இன்னும் ரெண்டு இருக்கு. ஒரே நாள்ல எடுத்தா தோல் தாங்காது. நாளைக்கு வா."

மறுநாள் பிரின்ஸ் வந்தது. வேலாண்டி காதுக்குப் பின்னால் பார்த்தது, தாடைக்கடியில் பார்த்தது. விட்டுவைத்தது இரண்டு. இருந்தது மூன்று. மூன்றாவது வாலுக்குப் பக்கத்தில், புத்தம் புதிதாக, வேண்டுமென்றே போய்ப் புரண்டால் ஒழிய ஒட்டாத ஒட்டுப்புல் விதையோடு இருந்தது. பிரின்ஸ் வளையின் கூரையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலாண்டி முள்ளோடு உட்கார்ந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்தது.

நீதி: யாருக்கு உதவினாலும் முழுசாக உதவித் தொலைக்காதீர்கள். முழுசாக உதவினால் சால்வை அடுத்த வீட்டுக்குப் போகும். இரண்டு சிக்கைப் பாக்கி வைத்தால் ஆளாவது மிஞ்சும்.