அனீஸா டீக்கடைக்கு வந்த மணல்

வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் அனீஸா டீக்கடை வைத்திருந்தாள். கடலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஆளுயர மணல்மேடு. வாடைக்காற்று பலமாக அடித்தால் டீயில் கொஞ்சம் மணல் கடிபடும். அனீஸா மனுக் கொடுத்தாள். அரசு இயந்திரம் அன்றைக்குச் சும்மா இருந்ததோ என்னவோ, உடனே அசைந்தது.

காற்றடி மணல் மதிப்பீட்டுப் பிரிவின் உதவிப் பொறியாளர் அரவிந்தன் ஜீப்பில் வந்து இறங்கினார். காற்றை அளக்க ஒரு கருவி, மணலைப் பிடிக்க ஒரு பெட்டி. எவ்வளவு காத்திருந்தும் பெட்டி நிறையவில்லை.

“கணக்கு இடிக்குதும்மா. எங்க சூத்திரப்படி இங்கே மணல் மலைமலையாப் பறக்கணும்.”

“பறக்காட்டி நல்லதுதானே சார்?”

“சூத்திரம் காய்ஞ்ச வெறும் மணலுக்கு எழுதினது. இங்கே மேடு பூரா அடம்பங்கொடி. மணலை இழுத்துப் புடிச்சுக்கிட்டு, மதிப்பீட்டுக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது.”

மதிப்பீட்டின் நலன் கருதிக் கொடி அகற்றப்பட்டது.

மறுநாளே வாடை வந்தது. கூடவே மேடும் கிளம்பி வந்தது. பெஞ்சு போனது, பாய்லர் மேடை போனது, கதவில் பாதி போனது. அனீஸா ஜன்னல் வழியாக வெளியே குதித்தாள்.

“என் பொழைப்பே போச்சே சார்!”

அரவிந்தனுக்குக் கண் கலங்கியிருந்தது. “கணக்கு அப்படியே பொருந்துதும்மா!”

வேறு வழியில்லாமல் அவள் ஜன்னல் வழியாகவே டீ கொடுத்தாள். திருத்துறைப்பூண்டிக் கல்லூரிப் பெண்கள் சிலர் மணலில் உட்கார்ந்து குடித்து ரீல்ஸ் போட்டார்கள். அவ்வளவுதான். வேன் வேனாகக் கூட்டம். முழங்கால்வரை புதைந்து நின்று டீ குடிப்பதே நாகரிகம் என்றாகிவிட்டது. மணல் கடிபடாத டீயை, ‘ஒரிஜினல் இல்லை’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். அனீஸா சர்க்கரைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மணலும் வைத்துக்கொண்டாள்.

எதிரே பரோட்டாக் கடை போட்டிருந்த ஜெகபர் அலிக்குப் பொறுக்கவில்லை. அரவிந்தனைப் பிடித்துக்கொண்டார்.

“அனீஸா லாத்தா கடைக்கு மட்டும் மணலா? நாங்க வரி கட்டலையா?”

“காத்தோட திசை அப்படி, பாய்.”

“திசையை மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்க!”

எழுதினார். பதில் வரும்வரை தெருவுக்குப் பொறுமை இல்லை. மண்வெட்டியும் கூடையுமாக எல்லாரும் மிச்சமிருந்த மேட்டுக்குப் போனார்கள். அவரவர் கடையை அவரவரே புதைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் போர்டு மட்டும் தெரியும்படி விட்டார்.

கொஞ்ச நாளில் மேடு காலி. கடல் நேராகத் தெருவைப் பார்த்தது.

“வியூ பிரமாதம்!” என்றார் ஜெகபர் அலி.

அடுத்த பௌர்ணமிக்குக் கடலே வந்து பரோட்டாக் கல்லை அணைத்துவிட்டுப் போனது.

அரவிந்தன் நனைந்த கால்சட்டையோடு இறுதி அறிக்கையை எழுதினார்: “இப்பகுதியின் மணல் நகர்வில் காற்றின் பங்கு சொற்பமே. பெரும்பங்கு பொதுமக்களின் ஒத்துழைப்பு.”