தாம்பரத்தில் ஒரு ஈப்போ

மலேயாவுக்குப் போவதற்கு முன்பே பதினான்கு மாதம் மலேயாவில் குடியிருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மலேயா சார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, தினமும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வந்த காலம். சார், ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் அவரை விட்டதே தவிர, அவர் அதை விடவில்லை. அவர் வீட்டில் ரசத்துக்குக்கூட அடுப்பில் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று உண்டு. மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், தெருவுக்கே டீச்சரக்கா. குழந்தைகள் இல்லை.

டீச்சரக்காவுக்கு ஒரே ஒரு தங்கை. தாயில்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் அக்காதான். அந்தத் தங்கை, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறிவிட்டாள். அக்கா துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஈப்போ என்ற ஊரிலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை நாலு தடவை படிப்பார், பைபிளுக்குள் வைப்பார், பதில் போடமாட்டார். பதிலை சார் திருட்டுத்தனமாகப் போடுவார். ஒரு வருடம் வந்த கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'அக்கா இனிமே வரவே மாட்டாளா அத்தான்?'

சார் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மூன்று மாதம் மலேயா. முதலில் தங்கை வீடு. பிறகு அங்கே போய்க் குடியேறிவிட்ட பழைய சிநேகிதர்கள் வீடு. அவசரமில்லாமல், ஆற அமரப் பார்த்துவிட்டு வருவது.

சிக்கல் டீச்சரக்காதான். போகவேண்டும் என்று அவருக்கும் உயிர் துடித்தது. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்து முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதல் தடவை கப்பலுக்குக் கிளம்பியபோது, மின்சார ரயில் மீனம்பாக்கத்தில் நின்றதும் இறங்கி எதிர் வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் தடவை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பீச் ஸ்டேஷன் வரை போனார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவர் கப்பல் புறப்பட்ட சங்கு கேட்ட பிறகுதான் எழுந்தார். இரண்டு தடவையும் சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். சார் தன் தொழில் மூளையைக் கையில் எடுத்தார். சோதனை ஓட்டம் விடாமல் எந்தப் புது வண்டியும் ஓடுவதில்லை. அதனால் மலேயாவையும் தாம்பரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

முதல் வேலையாக வீட்டுக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். மலேயா நேரமாம். போய் இறங்கியதும் தூக்கம் கெட்டு விடுமுறை வீணாகக் கூடாதாம். கப்பலிலேயே ஏழு நாள் போகிறதே, அதற்குள் உடம்பு பழகிவிடாதா என்று என் அப்பா கேட்டதற்கு, அந்த ஏழு நாளும் கடலைப் பார்க்க ஒதுக்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை பத்து மணிக்கு மதியச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆராதனைக்கு ஆறு மணிக்கே போய், பூட்டிய சர்ச் வாசலில் இரண்டு பேரும் குடையோடு நிற்பார்கள். பால் தாமதமாக வருகிறது என்று பால்காரர் முனுசாமியிடம் தினமும் தகராறு.

"இன்னா சார் பேஜாரா கீது. மாடு இன்னும் எய்ந்துக்கவே இல்ல. அதாண்ட போயி நான் மலேயா டைம் சொல்லிகினு இருக்க முடியுமா?" என்றார் முனுசாமி. சார் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, மாட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தார்.

இரண்டாவது வேலை, மலேயா ஊர்களைத் தெரிந்தவர்கள் வீடுகளுக்கு ஒதுக்குவது. குரோம்பேட்டையில் இருந்த மைத்துனர் வீடு பினாங்கு. பெருங்களத்தூரில் இருந்த பழைய ஆபீஸ் நண்பர் வீடு தைப்பிங். ஊரப்பாக்கத்தில், சுற்றிலும் வயலாகக் கிடந்த இடத்தில், தனியாக வீடு கட்டியிருந்த ஒருவருக்குச் சிரம்பான் கொடுக்கப்பட்டது. எங்கள் வீடு ஈப்போ. நாங்கள் கேட்டு வாங்கவில்லை. எதிரில் இருந்ததால் கிடைத்தது.

சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு, அதாவது மலேயாவில் ஆறு மணிக்கு, இருவரும் பெட்டியும் படுக்கையுமாகத் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டுப் பயணம் வருவார்கள். வாசல் கேட்டில் நான் கஸ்டம்ஸ் அதிகாரி. கண்டிப்பாக இருக்கவேண்டும், ஊறுகாயைக் கண்டால் விடவே கூடாது என்பது சாரின் உத்தரவு. நான் வாரம் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயைப் பறிமுதல் செய்தேன். அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் ஊறுகாய் போடவில்லை. அப்பா இந்தக் கூத்தில் சேரமாட்டேன் என்று பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வார். ஆனால் பறிமுதல் ஊறுகாய் இல்லாமல் அவருக்கும் தயிர் சாதம் இறங்காது.

சார் சட்டைப்பையில் நிகழ்ச்சி நிரல் இருக்கும். 'வந்து சேர்தல், கண்ணீர் (அதிகபட்சம் ஐந்து நிமிடம்), காபி, பழைய கதை, சும்மா இருத்தல்.' சும்மா இருப்பதற்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார். அந்த நாற்பது நிமிடமும் மணிக்கட்டைப் பார்த்தபடியே சும்மா இருப்பார். அவ்வளவு பரபரப்பாகச் சும்மா இருந்த மனிதரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

இதில் முக்கியமான பாத்திரம் என் அம்மாவுடையது. அம்மாதான் ஈப்போத் தங்கை. அம்மாவுக்கு ஐந்து அண்ணன்கள், அக்கா தங்கை என்று யாரும் கிடையாது. ஆரம்பத்தில் அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் முதல் சனிக்கிழமை, வாசலில் நின்று "வாக்கா" என்று அம்மா சொன்னதுமே டீச்சரக்கா தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் கேட் வரை. அதற்கடுத்த வாரம் படி வரை. அதற்குப் பிறகு அம்மா சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஆனால் தலை பின்னி, நல்ல புடவை கட்டி, மூன்று மணிக்கே ஈப்போ ஆகிவிடுவாள்.

உள்ளே வர ஆரம்பித்த பிறகும் டீச்சரக்காவுக்கு முதல் வார்த்தை அமையவில்லை. சார் எழுதிக்கொடுத்த 'சுகமாக இருக்கிறாயா தங்கச்சி' அவர் வாயில் வரவே இல்லை. ஒருநாள், எதையாவது பேசவேண்டுமே என்று, எதிரே நின்ற என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு அது மனதுக்குப் பிடித்த பேச்சு. இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் பேச்சு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. சார் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்துக்கொண்டார். எனக்குத்தான் மானம் போனது.

பதினாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, மாலைக்குப் பதிலாகக் காலையிலேயே வந்தார்கள். நான் வழக்கம்போல ஊறுகாயைப் பறிமுதல் செய்யப் போனபோது சார் என்னைத் தனியாக இழுத்து, இன்றைக்கு விட்டுவிடச் சொன்னார். பிறகு சத்தமாக, இன்று ஒத்திகை கொஞ்சம் நீளம், எல்லோரும் பீச் வரை போகிறோம் என்று அறிவித்தார். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

மீனம்பாக்கத்தில் வண்டி நின்றதும் டீச்சரக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சார் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். அவர் கை பெட்டியைப் பிடித்துவிட்டது, இறங்கத் தயாராக. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்காவின் முந்தானையைப் பிடித்தாள்.

"எங்கக்கா போறீங்க? ஈப்போவுல நான்தானே இருக்கேன். உக்காருங்க."

வண்டி கிளம்பியது. டீச்சரக்கா உட்கார்ந்தார்.

துறைமுகத்தில் கப்பல் படிக்கட்டுக்குப் போகும் வழியில்தான், இது ஒத்திகை இல்லை என்று சொல்ல சார் தயங்கித் தயங்கி வாயெடுத்தார். டீச்சரக்கா அவரை முடிக்கவிடவில்லை. "மூணு மாசத்து மாத்திரைய எண்ணி வச்சதே நான். எனக்கா தெரியாது? நீங்க சந்தோஷமா ஏமாத்திக்கிட்டு இருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சார் பெட்டியோடு பின்னால் ஓடினார்.

மூன்று மாதம் கழித்து வந்து சார் சொன்ன கதைகளில் பாதி புகார். பினாங்கில் கஸ்டம்ஸ் அதிகாரி பெட்டியைத் திறக்காமலே போகச் சொல்லிவிட்டாராம். சார் மனம் பொறுக்காமல், எங்கள் ஊர் கஸ்டம்ஸ் இப்படி விடாது என்று தானே திறந்து ஊறுகாயைக் காட்டிக்கொடுத்தாராம். தைப்பிங்கில் பழைய சிநேகிதர் கட்டிப்பிடித்து அழுததில் கண்ணீர் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டதாம். சிரம்பான் ஊரப்பாக்கம் அளவுக்கு வசதியில்லையாம்.

ஈப்போவைப் பற்றி மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார். மரப்படிகள் வைத்த வீடு. தங்கை கதவைத் திறந்துவிட்டு, அசையாமல் நின்றாள். அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அக்கா படியிலேயே நின்றார். சார் சட்டைப்பையில் இருந்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, டீச்சரக்கா வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சா?"

தங்கைக்கு மகனே கிடையாது. "யாருக்குக்கா?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சரக்கா படியில் உட்கார்ந்து என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். என் சம்பளம், என் முன்கோபம், ஊறுகாய் விஷயத்தில் என் கண்டிப்பு எல்லாம். தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடக் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அக்காவும் தங்கையும் முதல் நாள் முழுக்க ஈப்போவில் எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். இடையிலே எப்போதோ இருவரும் அழுதார்களாம். அது எத்தனை நிமிடம் என்று பார்க்க மறந்துவிட்டதாகச் சார் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால்தான் ஓடியது. அப்பா காரணம் கேட்டார். "தங்கச்சி இப்ப என்ன செஞ்சிட்டிருப்பான்னு இவ கேட்டுட்டே இருக்கா சார். கூட்டிக் கழிச்சுச் சொல்றதவிட இது சௌகரியம்" என்றார் சார். கணக்கு டீச்சருக்கு இரண்டு மணி நேரத்தைக் கூட்டத் தெரியாதா என்று அப்பா கேட்கவில்லை.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை. அம்மா மத்தியானத்திலிருந்தே ஏதோ வேலை இருப்பதுபோல வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நிஜத் தங்கை கிடைத்தபிறகு இந்த ஈப்போ எதற்கு என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் தலை பின்னி, நல்ல புடவை கட்டியிருந்தாள். சரியாக நாலு மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெட்டி, படுக்கை, குடை, பின்னால் டீச்சரக்கா.

யாரும் சொல்லாமலே நான் கேட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஊறுகாய் இல்லை. மேலாக ஒரு பூப்போட்ட புடவை, அதன் மடிப்பில் ஒரு துண்டுச் சீட்டு. அறிமுகமில்லாத கையெழுத்து. 'தாம்பரத்து ஈப்போவுக்கு. நான் இல்லாத நேரத்தில் என் அக்காவைப் பார்த்துக்கொண்டதற்கு.'

அந்தப் பக்கம் அம்மா, "வாக்கா" என்றாள். கஸ்டம்ஸ் அதிகாரியின் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது. அன்றைக்கு எதையும் பறிமுதல் செய்யாமல் பெட்டியை உள்ளே விட்டுவிட்டேன்.