கொசுறு ஒழிப்புச் சட்டம்

ஏழு கடல் தாண்டியெல்லாம் போக வேண்டாம். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய நாடுதான் கொடிப்புரம். ஒரு ஆறு, ஒரு சந்தை, ஒரு அரசர். அரசர் விசாலகீர்த்தி நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னபடி ஆட்சி செய்வார்.

அந்த நாட்டில் எதை வாங்கினாலும் கொசுறு உண்டு. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய். முடி வெட்டுபவர் வேலை முடிந்ததும் தலையில் நாலு தட்டுத் தட்டி அனுப்புவார். வைத்தியர் சூரணத்தோடு, மாமியாரைச் சமாளிக்க ஒரு யோசனையும் சொல்லுவார். இதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. கொடுக்காவிட்டால் வாங்க வந்தவர் கடையை விட்டு நகரமாட்டார், அவ்வளவுதான். ஆனாலும் பாதி வீடுகளில் ரசம் கொதித்தது அந்தக் கொசுறை நம்பித்தான்.

வணிக அமைச்சர் நற்குணசீலர் உலகப் பேரங்காடி மாநாட்டுக்குப் போய், கழுத்தில் ஒரு சால்வையும் கையில் ஒரு ஒப்பந்தமுமாகத் திரும்பி வந்தார்.

"அரசே, உலகமே ஒரே சந்தையாகிவிட்டது. அதில் நாமும் ஒரு கடை போட்டுவிட்டோம்."

"மகிழ்ச்சி. நாம் என்ன விற்கிறோம்?"

"அது போகப் போகத் தெரியும். வாங்க வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் இப்போது கொடுத்திருக்கிறார்கள்."

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு, விலை வாங்காமல் எவரும் எவருக்கும் எதையும் தரக்கூடாது என்றது. அரசருக்குப் புரியவில்லை. அமைச்சர் விளக்கினார். "கறிவேப்பிலையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஒரு வணிகர் இங்கே வருகிறார் என்று வையுங்கள். இங்கே அது சும்மா கிடைத்தால் அவர் கதி என்ன?" அரசருக்கு அந்த வணிகரை நினைத்துக் கண் கலங்கியது. அன்றே கொசுறு ஒழிப்புச் சட்டம் வந்தது.

முதல் மாதம் ரசம் மட்டும் மணக்காமல் போனது. இரண்டாம் மாதம் கப்பல் வந்தது. சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம் போட்ட பெட்டிகளில் கறிவேப்பிலை இறங்கியது. ஒருவரும் வாங்கவில்லை. காரணம் கண்டறிய ஒரு குழு அமைத்தார்கள். மக்கள் கொல்லைகளில் கறிவேப்பிலை மரங்கள் நிற்பதைக் குழு அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்தது. மரங்கள் நியாயமற்ற போட்டி செய்வதாகவும், அவற்றைச் சாக்குப் போட்டு மூடிவிட வேண்டும் என்றும் இரண்டாம் ஆணை பிறந்தது. வெயில் படாத மரங்கள் வாடின. கொடிப்புரத்தார் பெட்டியை வாங்கினார்கள். உள்ளே இலை காய்ந்துதான் இருந்தது, ஆனால் எல்லா இலையும் ஒரே அளவு.

மூன்றாம் ஆணை பேச்சைப் பற்றியது. விலையைத் தவிர விற்பவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் பேச்சுக் கொசுறு என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டில் செய்தி என்பது சந்தையில் காய் பொறுக்கும்போது காதில் விழுவதுதான். பேச்சு நின்றதும் யார் வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் போயிற்று. ஒரு கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. இன்னொரு வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, அவர் சௌக்கியமா என்று கேட்டு ஒருவர் பழத்தோடு வந்து நின்றார். எனக்கு இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

அமைச்சருக்கு எரியவில்லை. அவர் நாடு முழுக்க மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு நடத்தினார். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்பது கேள்வி. ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொன்னால் அது பேச்சுக் கொசுறு. எல்லோரும் "ஆமாம்" என்றார்கள்.

இந்த நிலையில்தான் செங்கமலம் மூன்றாம் முறையாகப் பிடிபட்டாள். சந்தையின் கிழக்கு வாசலில் கீரை விற்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். மூன்று முறை பிடிபட்டால் கடை இடம் பறிபோகும், பிறகு அவள் சந்தைக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த நாலு முழ இடம் போனால் மூன்று பேருக்கும் சோறு இல்லை.

வழக்கை அரசரே விசாரித்தார். அவளைப் பிடித்த மிகைத்தடுப்பு அலுவலர் சாட்சி சொன்னார்.

"மாறுவேடத்தில் போய் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினேன், அரசே. இவள் இரண்டு பச்சை மிளகாயை என் பையில் போட்டாள்."

"போடும்மான்னு கேட்டது யாருங்க?" என்றாள் செங்கமலம்.

அலுவலர் இருமினார். "பழக்க தோஷம். வாய் தவறிக் கேட்டுவிட்டேன்."

"உமக்கு வாய் தவறுச்சு, எனக்குக் கை தவறுச்சு. நானா குடுத்தேன்? கை குடுத்துருச்சுங்க மகாராசா."

"சான்றுப் பொருள் எங்கே?" என்றார் அரசர்.

"வீட்டில் தாளித்துவிட்டார்கள், அரசே."

நற்குணசீலர் எழுந்தார். "தாளித்தாலும் குற்றம் குற்றமே. உலகம் நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பெண்ணை விட்டால் நம் மதிப்பு என்ன ஆகும்?"

அரசர் தீர்ப்புக்கு வாயெடுக்கும் நேரத்தில், வடபேரரசின் தூதர் ஒரு துண்டுச் சீட்டோடு உள்ளே வந்தார். முகமன் கூறிவிட்டு, "கொடிப்புரம் என்பது இதுதானே? பெற்றுக்கொண்டதாகக் குறித்துக்கொள்ள வந்தேன்" என்றார்.

சபை விழித்தது. தூதர் பொறுமையாகச் சொன்னார். "மேற்பேரரசிடம் எங்கள் சக்கரவர்த்தி ஒரு துறைமுகமும் மூன்று சுரங்கங்களும் வாங்கினார். முடிவில், இன்னும் ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் கைக்கு எட்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். போட்டுக் கொடுத்தார்கள்."

"எங்களைக் கொடுக்க அவர்கள் யார்?" அரசர் தம் வாழ்நாளில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

"நீங்கள் சந்தையில் கடை போட்டீர்கள். கடையில் சரக்கு இல்லை. சரக்கில்லாத கடையில் கடைதானே சரக்கு?"

அமைச்சரின் சால்வை நழுவியது. "கொசுறு கொடுப்பது பதினான்காம் பிரிவின்படி குற்றம், தூதரே!"

"அது கீரைக்காரர்களுக்கு ஐயா, பேரரசுகளுக்கு இல்லை."

"போகட்டும், எங்களுக்கு என்ன விலை போட்டார்கள்? அதையாவது சொல்லுங்கள்."

"விலை போட்டால் அது எப்படிக் கொசுறு ஆகும்?"

செங்கமலம் ஓரடி முன்னால் வந்தாள்.

"இந்தப் பெரிய பேச்செல்லாம் எனக்கு விளங்கலைங்க. என் கடை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

தூதர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர் ஒழுங்கான அலுவலர், முதல் பக்கத்திலிருந்து படித்தார். "இந்தச் சட்டங்கள் யாவும் விலையுள்ள சரக்குக்கு மட்டும்தான். இந்த நாட்டுக்கு இன்று முதல் விலை இல்லை. ஆகவே இங்கே எந்தப் பிரிவும் செல்லாது. உங்கள் கடை இருக்கிறது அம்மா."

செங்கமலம் சபையின் நடுவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அலுவலர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் மரங்களின் சாக்குகளை அவிழ்த்தார்கள். துளிர்க்க ஒரு மழை ஆயிற்று. சந்தையில் மூன்று மாதப் பேச்சும் சேர்ந்து கிளம்பியதில் ஒரு வாரத்துக்கு யாருக்கும் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. வராத தாய்மாமன் சீரோடு வந்தார். வடபேரரசிலிருந்து வரிக்கோ ஆட்சிக்கோ ஒருவரும் வரவில்லை. பையின் அடியில் கிடக்கும் கறிவேப்பிலையை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? அரசர் பழையபடி அரசராகவே இருந்தார். கடைசியாகப் பேசுவது இப்போது பெரும்பாலும் செங்கமலம்தான் என்பதால் ஆட்சியும் மோசமில்லை.

நற்குணசீலரால் மட்டும் தாங்க முடியவில்லை. "எங்களுக்கும் ஏதேனும் ஒரு விலை நிர்ணயித்தருள வேண்டும்" என்று மனு எழுதிக் கையெழுத்துக்கு வீடு வீடாக அலைந்தார். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. மனம் வெறுத்து, நல்ல விலை உள்ள ஒரு நாட்டுக்குக் குடிபோய்விட்டார். அங்கே எல்லாம் கிடைக்கிறதாம். கொடிப்புரத்துப் பக்கம் யாராவது போகிறார்கள் என்று தெரிந்தால், செங்கமலத்திடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார். அவளும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தனுப்புகிறாள்.

கொடிப்புரம் என்பது அந்த நாட்டின் உண்மைப் பெயர் இல்லை. உண்மைப் பெயரை எழுதினால் நாளைக்கே யாராவது விலை கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.