பேரரசருக்குக் கண் வலி

"என்ன செய்யுது?" என்று டாக்டர் மகேஸ்வரன் கேட்டபோதுதான், தனக்கு என்ன நோய் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்பது சுகுமாறனுக்கு உறைத்தது.

காய்ச்சல் என்று சொல்லத்தான் கிளம்பினார். ஆனால் வாசலிலேயே கிளினிக் தாதி, மிசி நாஸியா, நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டி, "நார்மல் அங்கிள்" என்று அந்த வழியை அடைத்துவிட்டாள். வயிற்று வலி என்றால் அமுக்கிப் பார்ப்பார்கள். முதுகு வலி போன மாதம்தான் வந்து போனது.

"கண்ணு, டாக்டர். எரியுது. மங்கலா தெரியுது."

அவருக்குத் தேவை மருந்தல்ல, ஒரு நாள் லீவுக்கான மருத்துவச் சீட்டு, எம்சி. செனாயில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்ற நாளென்றால் பரவாயில்லை. இன்று மதியம் குளுவாங்கின் மீது படையெடுப்பு.

பதற வேண்டாம். ரயில் நிற்கும் குளுவாங் பத்திரமாகத்தான் இருக்கிறது. இது விண்வெளிக் குளுவாங். சுகுமாறன் போனில் ஆளும் பேரரசில் ஏழு கிரகங்கள். ஜொகூர் மாநிலத்தை விட்டு அதிகம் வெளியே போகாத பேரரசர் என்பதால் மெர்சிங், மூவார் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். தலைநகர் செனாய். வீட்டுக் குளியலறையில் எரியாத பல்பை மாற்ற மூன்று மாதமாக நேரம் கிடைக்காதவர், தலைநகருக்கு இரண்டாவது சூரியனே மாட்டிக் கொடுத்திருந்தார்.

செல்லப்பிள்ளை என்னவோ குளுவாங்தான். வெறும் பாறையாகக் கிடந்ததற்குக் காற்று உண்டாக்கி, தண்ணீர் இறக்கி, ஒன்பது லட்சம் பேரைக் குடியேற்ற இரண்டு வருஷம் பிடித்தது. தொழிற்சாலையில் அவருக்குக் கீழே இருக்கும் நாலு பேரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் பூனைகூடக் கேட்பதில்லை. நில் என்றால் நிற்கும் ஒன்பது லட்சம் பேர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நாலு பேர் மதிக்காதவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் குளுவாங்குக்குத்தான் 'கருநாகம்' என்ற பெயரில் விளையாடும் எவனோ குறி வைத்திருந்தான். ஆள் யாரென்று தெரியாது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்து அடிப்பான், பிறகு காணாமல் போவான். வேலைவெட்டி இல்லாத பயல் என்பது சுகுமாறனின் கணிப்பு. 'நாளை குளுவாங்' என்று நேற்றே செய்தி அனுப்பியிருந்தான்.

டாக்டர் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். "போன் ரொம்ப பாப்பீங்களா?"

"கொஞ்சம்."

"கேமா?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்த வாய் அது.

"சும்மா சுடுற கேம் இல்ல டாக்டர். காலனி கட்டுறது. குளுவாங்னு ஒரு கிரகம், வெறும் பாறை. இப்பப் போய்ப் பாத்தீங்கன்னா சிட்டி! பீரங்கிக் கோபுரமே பன்னெண்டு நிக்குது, மேல கேடயம் வேற. ஒரு பய கிட்ட வர முடியாது லா!"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "குளுவாங்கா?"

"மாமனார் ஊரு டாக்டர். வீட்டுல சந்தோஷப்படுவாங்கன்னு வெச்சேன்."

"அப்ப அங்க ஒரு குறையும் இல்ல?"

"சாப்பாடுதான் பத்தல. இருந்ததை எல்லாம் பீரங்கியில போட்டுட்டேன்."

டாக்டரின் முகத்தில் பொறுப்பு கூடியது. "நல்ல வேளை, இன்னிக்கே வந்தீங்க. இத இப்படியே விடக்கூடாது." எழுந்து வந்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். "சாயங்காலம் வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். போனைத் தொடவே கூடாது. எம்சி எழுதித் தரேன்."

எம்சியை வாங்கிக்கொண்டு வெற்றிநடை போட்டு வெளியே வந்தவர், அதைப் படிக்கப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ இருந்தது. போனை எடுத்தார். கறுப்பாக ஏதோ இருந்தது. கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை.

மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, மிசியிடம் சொல்லி மனைவிக்குப் போன் போட வைத்தார். புஷ்பவள்ளி காரில் வந்து அழைத்துப் போய், சோபாவில் உட்கார வைத்து, "காலையில நல்லாத்தானே போனீங்க?" என்று நியாயமாகக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. மணி ஒன்றாகிவிட்டது.

"புஷ்பா, இந்தா போன். நான் சொல்ற பட்டனை மட்டும் அமுக்கு."

"அடுப்புல குழம்பு கொதிக்குதுங்க."

"ஒரு நாடே கொதிக்குது! சிவப்பா ஒண்ணு தெரியுதா?"

"ரெண்டு தெரியுது."

"பெருசை அமுக்கு."

அமுக்கினாள். "'கோபுரங்கள் விற்கப்பட்டன'ன்னு வருது."

"அலமாக்! சின்னதை அமுக்கியிருக்கணும்!"

"பெருசுன்னு நீங்கதானே சொன்னீங்க? இருங்க, இங்க என்னமோ வருது. 'குளுவாங் மக்கள் பட்டினி'யா?" அவள் குரல் மாறியது. "எங்க ஊரு ஜனத்தைப் பட்டினி போட்டுட்டா நீங்க பீரங்கி வாங்குனீங்க?"

"அது கேம், புஷ்பா!"

"கேம்னா மட்டும் என் ஊரைப் பட்டினி போடலாமா? படையில உள்ளவங்களை வயல் வேலைக்கு அனுப்பவான்னு கேக்குது. அனுப்பிட்டேன்."

சுகுமாறன் போனைப் பிடுங்கினார். பழகின விரல்தானே என்று, மெர்சிங்கில் நிற்கும் கப்பல்களைக் குளுவாங்குக்கு அனுப்பக் குருட்டாம்போக்கில் நாலு குத்து குத்தினார்.

புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். "எல்லாக் கப்பலும் மூவாருக்குப் போகுது."

பேரரசர் போனை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏங்க, கருநாகம்னு ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருக்காரு. 'உங்க ஜனங்க பட்டினின்னு கேள்விப்பட்டேன். அரிசிக் கப்பல் வருது, கேடயத்தை இறக்குங்க'ன்னு."

"அவனுக்கு எப்படித் தெரியும்? இறக்காதே! நான் சொல்றதை ஒரு தடவையாவது..."

"இறக்கிட்டேன். வீடு தேடி சாப்பாடு கொண்டு வர்றவங்களை வாசல்லயா நிறுத்துவாங்க?"

போனிலிருந்து ஒரு சங்கொலி கேட்டது. சுகுமாறன் இரண்டு வருஷமாக மற்றவர்களுக்கு ஊதிய சங்கு.

"போச்சா?" என்றார்.

"போச்சுங்க. கொடி மாறிடுச்சு." புஷ்பவள்ளி சற்று உற்றுப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு, 'மக்கள் மகிழ்ச்சி நூற்றுக்கு நூறு'ன்னு வந்திருக்கு. உங்க ஆட்சியில எவ்வளவு?"

பன்னிரண்டு. "குழம்பு கொதிக்குதுன்னியே?" என்றார் அவர். ஒன்பது லட்சம் பேர் ஒரு மூட்டை அரிசிக்குத் தன்னை மறந்துவிட்டார்கள் என்பது அவருக்கு உண்மையாகவே வலித்தது. மங்கலான கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மருந்து வேலை செய்கிறது போலிருக்கிறது என்று புஷ்பவள்ளி குழம்பைப் பார்க்கப் போனாள்.

போன் அடித்தது. தடவித் தடவி எடுத்தார்.

"அங்கிள், கிளினிக்லேருந்து நாஸியா. கண்ணு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே தெரியலம்மா," என்றார் சுகுமாறன். கண்ணைப் பற்றி அன்று அவர் சொன்ன முதல் உண்மை அது.

"கவலைப்படாதீங்க அங்கிள், டாக்டர் நாளைக்கும் வந்து மருந்து விட்டுக்கச் சொன்னாரு, காசுகூட வேணாமாம். மெர்சிங்கைப் பிடிக்க இன்னும் ஒரு நாள் ஆகுமாம்."