வயிற்றில் கட்டிய தலையணை

எடை அளவை அலுவலகத்தில் தராசுகளுக்கு முத்திரை குத்துகிறவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வியாதி வருவது மனித இயல்பு. அனுமதி பெறாமல் வந்ததுதான் சிக்கல். அவரைக் குச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது.

அலுவலக மருந்தகத்தில் மாத்திரை இலவசம். ஆனால் சுற்றறிக்கை திட்டவட்டமாக இருந்தது: "மேற்படி வியாதி கொழுப்பினால் வருவதால், நாற்பது அங்குலத்துக்குக் குறைந்த இடுப்பினருக்கு அது இல்லை எனக் கொள்ளப்படும்."

கண்காணிப்பாளர் நாடா பிடித்தார். "முப்பது. உங்களுக்கு வியாதி இல்லய்யா, சந்தோஷமாப் போங்க."

"ரத்தத்துல முன்னூறு இருக்குங்க ஐயா."

"ரத்தம் நம்ம துறை இல்ல. இடுப்புதான் நம்ம துறை."

கண்காணிப்பாளரின் தொப்பை அவருக்கு முன்னால் அறைக்குள் நுழையும். சர்க்கரையோ துளியும் கிடையாது. ஆனாலும் விதியை மதித்து மாதாமாதம் மாத்திரை வாங்கி மேசைக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

"அதுல கொஞ்சம் கொடுத்தா..."

"தகுதியில்லாத ஆளுக்கா? என்ன பேச்சுய்யா இது!"

டாக்டரம்மா விளக்கினார். "உங்க கண்காணிப்பாளருக்குப் பரண் பெரிசு. வர்ற கொழுப்பெல்லாம் தோலுக்கடியில ஏறிப் படுத்துக்குது. உங்க பரண் கைக்குட்டை அகலம். மிச்சக் கொழுப்பு ஈரல்லயும் தசையிலயும் வழியை மறிச்சுக்கிட்டுக் கிடக்கு. இன்சுலின் கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டுது, உள்ள காது கேக்கல. மாத்திரை போடலேன்னா கண்ணு போயிடும்."

ஏற்கனவே தராசு முள் அவருக்கு இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"பரண் இல்லேன்னா கட்டிட்டாப் போச்சு!" என்றாள் மனைவி. தலையணையை வயிற்றில் வைத்துப் போர்வையால் இறுக்கினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "இப்பதான் சம்பளம் வாங்கற ஆள் மாதிரி இருக்கீங்க."

மறுநாள் நாடா நாற்பத்திரண்டு காட்டியது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். "வாழ்த்துகள்! முறைப்படி உங்களுக்கு வியாதி வந்துடுச்சு."

மாத்திரை உள்ளே போகப் போக, முள் ஒன்றானது. குச்சி விசிலடித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஒருநாள் வெக்கை தாங்காமல் தலையணையை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கென்று அளவெடுப்பு. முப்பது!

"ஒரே ராத்திரியில பன்னிரண்டு அங்குலமா!"

பாராட்டு விழா நடந்தது. பூரண குணம் பெற்றவர் என்று அறிவித்து, கையோடு மாத்திரையையும் நிறுத்தினார்கள். எப்படி இளைத்தீர்கள் என்று கூட்டம் மொய்த்தது. வயிற்றெரிச்சலில் குச்சி உண்மையைப் போட்டு உடைத்தார்.

"வயித்துல தலையணையைக் கட்டினேன். அவிழ்த்தேன். அவ்வளவுதான், போதுமா?"

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பிறகு டைப்பிஸ்ட் அம்மா மெல்லக் கேட்டார்: "பஞ்சா, ஸ்பாஞ்சா?"

அந்த வாரமே ஊர் தலையணை கட்டியது. உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டும் வகுப்பு தனி, அவிழ்க்கும் வகுப்பு தனி. கடைகளில் தலையணை கிடைக்கவில்லை. குச்சி வீட்டில் இருந்த ஒன்றையும், "ஒரு மாசத்துக்குத்தான் அக்கா" என்று மச்சினன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வெறும் வயிற்றோடு குச்சி மருந்தக வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் அத்தனை பேரும் நாற்பதுக்கு மேல். அத்தனை பேருக்கும் முறைப்படி வியாதி. கண்காணிப்பாளர் சொந்தத் தொப்பைக்கு மேலேயும் ஒன்று கட்டியிருந்தார்.

குச்சியின் முறை வந்தபோது மருந்தாளர் சன்னலை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"தீர்ந்துபோச்சு சார். ஆபீஸ்ல இத்தனை பேருக்குச் சர்க்கரைன்னு யாரு கண்டா? ஹும், உங்களுக்கென்ன சார்! ஆரோக்கியமா இருக்கற ஒரே ஆள் நீங்கதான்."

குச்சி அவரைப் பார்த்தார். மருந்தாளர் இரண்டாகத் தெரிந்தார். இரண்டு பேருக்கும் தொப்பை இருந்தது.